பழைய கட்டாரிகள்: கேட்டவையும் பதில்களும்

பர்கூர் வாசகர்: தாத்தா பெட்டியில் துருப்பிடித்த கட்டாரி (முஷ்டியில் பிடித்துக் குத்தும் குத்துவாள்) கிடைத்தது. புளி போட்டுத் தேய்க்கலாமா?

வேண்டவே வேண்டாம். புளி துருவோடு நிற்காது, இரும்பையும் அரிக்கும். உலர்ந்த பருத்தித் துணியும் சில சொட்டு மெஷின் எண்ணெயும் போதும்.

பாலக்கோடு: பிடியில் பொன் கொடி ஓடுகிறது. முலாமா?

லென்ஸ் வைத்துப் பாருங்கள். தங்கம் உதிர்ந்த இடத்தில் நுண்ணிய குறுக்குக் கீறல்கள் தெரிந்தால் பெரும்பாலும் அது கோஃப்ட்கரி. எஃகின் மேல் கீறி, மெல்லிய தங்கக் கம்பியை வைத்துத் தட்டுவார்கள். கீறலின் பிசிறு கம்பியைக் கவ்விக்கொள்ளும். பிறகு வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். ராஜஸ்தானில் இந்த வேலை இன்றும் நடக்கிறது. உப்புத்தாள் போட்டால் எல்லாம் போய்விடும்.

ராயக்கோட்டை: எங்கள் வீட்டுக் கத்தி திப்புவுடையதா?

பாராமகால், அதாவது நம் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதி, 1792 வரை திப்புவின் மைசூர் ஆட்சியில் இருந்தது. அது மட்டும் ஆதாரம் ஆகாது.

அரூர்: எங்களுடையதும் திப்பு காலத்துக் கத்தியா?

ராயக்கோட்டைக்குச் சொன்னதேதான்.

ஓசூர்: தஞ்சாவூர்க் கட்டாரிகளில் அலகு ஐரோப்பாவிலிருந்து வந்தது என்கிறார்கள். அப்படியென்றால் நம் கலை எங்கே?

பிடியில். பலவற்றில் வெளிநாட்டு வாள் அலகை வெட்டி ஆணியடித்துப் பொருத்தியிருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் முஷ்டிக்குள் அடங்கும் குறுக்குக் கம்பிகள், புறங்கையை மூடும் தகடு, அதில் துளைத்த வேலை, யாளி முகங்கள் எல்லாம் இங்கத்திய கொல்லர்கள் செய்தவை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனை ஆயுதங்கள் இருக்கின்றன, போய்ப் பாருங்கள்.

ஊத்தங்கரை: நம் உருக்கு உலகப்புகழ் பெற்றதாயிற்றே! வெளி அலகு எதற்கு?

புகழ் உண்மை. சேலம் பக்கம் மூசையில் (உலோகம் உருக்கும் மண் குடுவையில்) உருக்குக் காய்ச்சினார்கள். நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவித்தார்கள். அதற்காக வந்த நல்ல அலகை வேண்டாமென்று தள்ளுவார்களா?

ஓசூர்: அப்போதும் பாதி இரவல்தானே?

இல்லை ஐயா. அலகு தேய்ந்தால் வேறு மாட்டலாம். அந்தப் பிடியைச் செய்தவர் கையை எங்கே தேடுவது? அதனால்தான் தேய்க்காதீர்கள் என்று கத்துகிறேன்.

பென்னாகரம்: வெளிநாட்டில் விற்கலாமா?

நூறு வருடம் தாண்டியதைத் தனியார் ஏற்றுமதி செய்வது 1972 தொல்பொருள் சட்டப்படி குற்றம்.

காவேரிப்பட்டணம்: எலுமிச்சை?

அதுவும் புளிதான். கூடாது!

மத்தூர்: ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைக்கலாமா?

உறைக்கு வையுங்கள், அலகுக்கு வேண்டாம். பூஜை முடிந்ததும் கத்தியை உறைக்குள் போடாதீர்கள். தோல் உறை ஈரம் இழுக்கும். எண்ணெய் தடவி, துணியில் சுற்றித் தனியாக வையுங்கள்.