தப்பு செய்யாதவனுக்கு எதற்குப் பயம்?

கேள்வி: ‘சமூக ஊடகக் கணக்குக்கு அடையாள அட்டையைக் காட்டச் சொல்கிறார்கள், அரசாங்கம் எல்லாருடைய தகவலையும் ஒரே இடத்தில் சேர்க்கிறது என்று மலேசியாவில் ஆளாளுக்குப் புலம்புகிறார்கள். தப்பு செய்யாதவனுக்கு எதற்குப் பயம்?’

இதைக் கேட்டவர் கையில் அநேகமாக நீல ஐசி, அதாவது குடிமக்களுக்கான அடையாள அட்டை, இருக்கும். பிறப்புப் பத்திரத்தில் அவர் பெயரும் அப்பா பெயரும் சரியாக இருக்கும். எந்தக் கவுண்டரிலும் ‘நீ யார்’ என்பதற்குப் பதில் சொல்ல முடியாமல் நின்றிருக்க மாட்டார். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அது அவருடைய குற்றம் இல்லை. ஆனால் அப்படி நின்றவர்களைத் தினமும் பார்க்கிறவள் நான்.

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் போட்டோஸ்டாட் கடை வைத்திருக்கிறேன். நகல் எடுப்பதைவிட பாரம் நிரப்பித் தருவதுதான் அதிக வேலை. சுற்றுவட்டாரத் தோட்டங்களில் ரப்பர் பால் வெட்டியவர்கள், செம்பனையில் குலை தள்ளியவர்கள், தோட்டம் கைமாறியபின் தாமான் என்கிற குடியிருப்புக்குக் குடிவந்தவர்கள் எல்லாரும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் தங்கள் தாள்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வருவார்கள். எல்லாருடைய விவரத்தையும் ஒரே இடத்தில் சேர்க்க அரசாங்கம் தொடங்கிய ‘பாடு’ (PADU) தளம் வந்தபோதும் அப்படித்தான் வந்தார்கள்.

உங்கள் கேள்விக்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. கணினியில் நம்மைப் பற்றி என்ன இருக்கிறதோ அது சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை. அது எனக்கு இல்லை. என் சித்தி விஷயத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

சித்தி பிறந்தது 1960களின் நடுவில், தோட்டத்து லயத்து வீட்டில், மருத்துவச்சி கையில். பிறப்பைப் பதிய வேண்டும் என்று அப்போது வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. பல வருஷம் கழித்துப் பதிந்தபோது தாத்தாவின் பெயரில் ஓர் எழுத்து மாறிப்போனது. தோட்டத்துக் கிராணி (கணக்கர்) செக்ரோலில் (தோட்டத்து ஆள் பதிவேட்டில்) எழுதியது ஒரு மாதிரி, தாத்தாவின் சிவப்பு ஐசியில் (நிரந்தர வசிப்பாளர் அட்டையில்) ஒரு மாதிரி, சித்தியின் பத்திரத்தில் வேறு மாதிரி. தாய் தகப்பனில் ஒருவர் நிரந்தர வசிப்பாளராக இருந்து பிள்ளை இங்கே பிறந்தாலே அந்தக் காலத்துச் சட்டப்படி குடியுரிமை உண்டு. ஆனால் அவர்தான் தகப்பன் என்று தாள் சொல்ல வேண்டுமே. சொல்லவில்லை. சித்திக்கும் சிவப்பு ஐசிதான் கிடைத்தது. வாழ்நாள் முழுக்க இந்த வட்டாரத்தைத் தாண்டாதவர், தாளின்படி குடிமகள் இல்லை.

2025 ஆகஸ்டு 31லிருந்து 18 வயது நிரம்பிய எல்லா மலேசியர்களுக்கும் மைகார்டு (நீல ஐசி) வழியாக மளிகை வாங்க 100 வெள்ளி (ரிங்கிட்) ‘சாரா’ உதவி கொடுத்தார்கள். ‘எல்லாருக்கும்’ என்று டிவியில் சொன்னதைக் கேட்டுச் சித்தியும் கிளம்பினார். நானும் கூடப் போனேன். கிடைக்காது என்று எனக்குத் தெரியும், சித்தியிடமும் சொன்னேன். ‘கேட்டுத்தான் பார்ப்போமேடி’ என்றார். அரிசி, எண்ணெய், ஒரு டின் பால் மாவு என்று கூடையில் போட்டுக்கொண்டு கவுண்டரில் அட்டையை நீட்டினார். அந்த மலாய்ப் பெண் அட்டையின் நிறத்தைப் பார்த்தே தயங்கினாள், ஆனாலும் செருகிப் பார்த்தாள். ‘மாஃப், மக்சிக்’ (மன்னிச்சிடுங்கம்மா) என்றாள். உண்மையாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னாள். பின்னால் வரிசை நீண்டிருந்தது. சித்தி அரிசியை எடுத்துப் பக்கத்தில் வைத்தார், எண்ணெயையும் வைத்தார், பால் மாவுக்கு மட்டும் முந்தானையிலிருந்து காசை எடுத்தார். நான் கொடுக்கிறேன் என்றதற்குக் கேட்கவில்லை.

சித்தி என்ன தப்பு செய்தார், சொல்லுங்கள்?

இதற்குள் சிலர் ஆரம்பித்துவிடுவார்கள். ‘குடிமக்களுக்கான பணத்தைக் குடிமகள் அல்லாதவர் கேட்கலாமா’ என்று. நான் அந்த நூறு வெள்ளிக்காக எழுதவில்லை. ஒரு எழுத்து மாறியதால் வந்த தப்பு முன்பு ஒரு அலமாரியில் ஒரு ஃபைலில் கிடந்தது. இப்போது அதே தப்பு மளிகைக்கடைக்கும் எண்ணெய் நிலையத்துக்கும் கூடவே வருகிறது. 2025 செப்டம்பர் 30இல் மானியத் திட்டம் மாறியபோது குடிமகனுக்கு ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1.99 வெள்ளி, சிவப்பு ஐசிக்காரருக்கு 2.60 என்று ஆனது. கடைக்காரப் பெண்ணுக்கோ எண்ணெய் ஊற்றுகிற பையனுக்கோ அதைத் திருத்தும் அதிகாரம் இல்லை. திருத்தக்கூடியவர் யார் என்று அவர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நிரந்தர வசிப்பாளருக்கு இங்கே பிறக்கும் பிள்ளைக்குத் தானாகக் குடியுரிமை கிடைக்கும் வழியை நீக்கும் திருத்தத்தை 2024 அக்டோபரில் நாடாளுமன்ற மக்களவை நிறைவேற்றியது. அதாவது இந்தச் சிவப்பு அடுத்த தலைமுறைக்கும் இறங்கும். இதைப் பற்றி நம்மவர்கள் எத்தனை பேர் வாய் திறந்தார்கள்?

அடையாள அட்டை ஏதோ வானத்திலிருந்து விழுந்தது என்று நினைக்க வேண்டாம். 1948 ஜூன் 16 அன்று எங்கள் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் மலாயா முழுக்க அவசரகாலம். அந்த வருஷமே 12 வயதுக்கு மேற்பட்ட அனைவரும் படம் எடுத்து, கைரேகை வைத்து அட்டை வாங்க வேண்டும் என்று சட்டம் வந்தது. லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். பால் வெட்டப் போகும்போது கேட்டில் உடம்பைத் தடவிச் சோதிப்பார்கள், கொஞ்சம் சோறுகூட வெளியே கொண்டுபோகக் கூடாது, காட்டில் இருக்கும் கம்யூனிஸ்ட் போராளிகளுக்குப் போய்விடுமாம் என்று பாட்டி சொல்வார். பாட்டியும் எந்தத் தப்பும் செய்யவில்லை. அவசரகாலம் 1960இல் முடிந்தது, அட்டை முடியவில்லை.

சரி, பேச்சுக்கு வருகிறேன். சித்தி விஷயத்தை எங்கள் ஊர் பேஸ்புக் குழுவில் எழுதினேன். யாரையும் திட்டவில்லை. ‘பார்த்தும்மா, 233 பாயும்’ என்று ஒருவர் எழுதினார், நல்ல எண்ணத்தில்தான். 1998 தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவு அது. பொய்யான, மிரட்டலான அல்லது மிகவும் புண்படுத்துகிற ஒன்றை, பிறருக்கு எரிச்சல் மூட்டும் நோக்கத்தோடு போட்டால் குற்றம். 2025 பிப்ரவரியிலிருந்து அபராதத்தின் உச்சம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ஆனது, சிறை ஓராண்டிலிருந்து இரண்டாண்டு ஆனது. அதே சட்டத்தின் மூன்றாவது பிரிவில், இதில் எதையும் இணையத் தணிக்கைக்கு அனுமதியாகப் பொருள்கொள்ளக் கூடாது என்றும் எழுதியிருக்கிறது. இரண்டும் ஒரே புத்தகத்துக்குள் இருக்கின்றன. யாருக்கு எரிச்சல், எவ்வளவு எரிச்சல் என்று முடிவு செய்வது நான் இல்லை.

போலீஸ் என்னைத் தேடி வரவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பொய் சொல்கிறேன் என்பார்கள். ஆனால் அன்று ராத்திரியே அக்கா போன் செய்து அழுதார். அவர் வீட்டுக்காரருக்கு அரசாங்க வேலை. ‘அழிச்சிரு, உனக்கென்ன பைத்தியமா’ என்றார். சித்தியும், ‘எனக்காக எதுக்குடி வம்பு, இருக்கிற சிவப்பையும் பிடுங்கிக்கப் போறாங்க’ என்றார். நான் அழிக்கவில்லை. ஆனால் அந்தப் பயத்தைப் பாருங்கள். ஒரு அதிகாரியும் வாய் திறக்காமலே ஒரு குடும்பம் முழுக்க வாயை மூடிக்கொள்ளத் தயாராகிவிட்டது. கணக்குக்குக் கணக்கு ஐசி இணைந்துவிட்டால் இது குறையுமா, கூடுமா?

என் கடையில் ஒரு பழக்கம் உண்டு. ஐசி நகல் எடுத்தால் அதன்மேல் குறுக்கே இரண்டு கோடு போட்டு, நடுவில் ‘இன்ன விண்ணப்பத்துக்கு மட்டும்’ என்று எழுதித் தருவேன். மலேசியாவில் பலரும் செய்வதுதான். அந்த நகலை வேறு கடனுக்கோ சிம் கார்டுக்கோ எவனும் பயன்படுத்தக் கூடாது என்பதற்காக. கணினிக்குள் போன ஐசியின்மேல் அந்தக் கோட்டை எங்கே போடுவது? நாலரைக் கோடிக்கும் மேற்பட்ட கைப்பேசி எண்களின் விவரம் வெளியே கசிந்தது 2017இல் தெரியவந்தது. 2024 ஜனவரியில் பாடு தொடங்கியபோது, இன்னொருவரின் ஐசி எண் தெரிந்தாலே அவர் கணக்குக்குள் கைவைக்க முடிகிறது என்று வெளியிலிருந்தவர்கள் எடுத்துக் காட்டிய பிறகுதான் அடைத்தார்கள். 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். அது மத்திய, மாநில அரசாங்கங்களுக்குப் பொருந்தாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. என் கடை ஒழுங்காக இருக்க வேண்டும், அரசாங்கத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை.



நான் எந்தக் கட்சியும் இல்லை. மைகார்டே வேண்டாம் என்பவளும் இல்லை, மானிய விலைக்கு நானும்தான் எண்ணெய் ஊற்றுகிறேன். கணக்குக்கு அட்டையைக் கேட்பதற்குக் காரணமாகச் சொல்கிறார்களே, பிள்ளைகளைச் சமூக ஊடகத்திலிருந்து காப்பாற்ற வேண்டும் என்று, அதிலும் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. இணையத்தில் பேசி என்ன ஆகப்போகிறது என்று சலித்துக்கொள்பவர்களுக்கு ஒன்று: எல்லா இணையச் சேவையாளரும் தளமுகவரித் தேடலை, அதாவது நாம் தட்டும் தளத்தின் பெயருக்கு முகவரி கண்டுபிடிக்கும் வேலையை, உள்நாட்டுச் சர்வருக்கே திருப்ப வேண்டும் என்ற உத்தரவு 2024 செப்டம்பரில் வெளியே தெரிந்தது. சாதாரண ஜனங்கள் போட்ட சத்தத்தில் அமைச்சர் சில நாளிலேயே அதை நிறுத்தச் சொன்னார்.

நான் கேட்பது இரண்டு. தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரசாங்கத்தையும் கட்டுப்படுத்த வேண்டும். அப்புறம், கணினியில் இருப்பது தப்பு என்று ஒரு ஆள் வந்து சொன்னால், அதை விசாரித்து இத்தனை நாளுக்குள் திருத்தியாக வேண்டும் என்ற பொறுப்போடு ஒரு அதிகாரி பெயர் போட்டு உட்கார வேண்டும். அது நடந்தபின் என் பேஸ்புக் கணக்குக்கு ஐசியைக் கேட்கட்டும், கொடுக்கிறேன்.