யாழ்ப்பாண வீதிகளுக்கு நாரி நோகாத, விலை குறைந்த ரோட் பைக் சரிவருமா?

தினமும் 20 கிலோமீற்றர் ஓட வேண்டும், நாரி நோகக்கூடாது, காசும் கையைக் கடிக்கக்கூடாது என்கிறீர்கள். சரிவரும். நான் மூன்று வருடமாக ஓடுவது செகண்ட் ஹாண்ட் யப்பான் ரோட் பைக்தான், அதாவது தார் வீதிக்கென்று செய்த, ஹாண்டில் வளைந்த சைக்கிள்.

முதலில் பார்க்க வேண்டியது கம்பனிப் பெயரை அல்ல, எவ்வளவு அகலமான ரயர் போகும் என்பதை. என்னுடையதில் 23 மி.மீ. ரயர் இருந்தது. கல்லுப் போல் காற்றடிக்க வேண்டும். ஒழுங்கைக் குழி ஒவ்வொன்றும் கழுத்துவரை வந்து சொல்லிவிட்டுப் போகும். 28க்கு மாற்றி, காற்றழுத்தத்தையும் 110 பிஎஸ்ஐயிலிருந்து 80க்கு இறக்கினேன். அதே சைக்கிள்தானா என்று இருந்தது! 32 போகிற பிரேம் கிடைத்தால் விடாதீர்கள்.

அடுத்தது ஹாண்டில். ரேஸுக்கென்று செய்தவற்றில் தாழ்வாக, எட்டத்தில் இருக்கும். நெடுந்தூரம் ஓடுவதற்கென்று செய்த என்டூரன்ஸ் வகையில் கொஞ்சம் உயரம், கிட்டவும் வரும். பிறகு சீற். பெடல் கீழே நிற்கும்போது குதிக்காலை அதில் வைத்தால் முழங்கால் நேராக வேண்டும். சரியான உயரம் அதுதான்.

காபன் பிரேம், 22 கியர் எல்லாம் இங்கே வீண் செலவு. ஏறுவதற்கு மலை எங்கே? நமக்கு மலை என்றால் காற்றுதான். சோளகம் அடிக்கிற நாளில் பண்ணைப் பாலத்தால் வேலணைப் பக்கம் போய்ப் பாருங்கள், குனிந்து பிடிக்கிற வளைந்த ஹாண்டிலின் அருமை தெரியும்.

அந்தப் பக்கம் அடிக்கடி ஓடினால் செயினைக் கிழமைக்கு ஒருதரம் துடைத்து எண்ணெய் விடுங்கள். மாரியில் இரண்டு கிழமை நான் சும்மா விட்டதில், உப்புக்காற்றில் அது செங்கல் நிறமாகிவிட்டது.