தன்னார்வலர்கள் நடத்தும் பழைய ரயில் நிலையத்தில் சிக்னலை நவீனமாக்கினால் பழமை போய்விடாதா?

போகாது, மாற்றம் கண்ணில் படாத இடத்தில் நடந்தால். இங்கிலாந்தில் பழமை மாறாமல் ஓடும் செவர்ன் வேலி ரயில்வேயில் பியூட்லி நிலையத்துக்கு மட்டும் வடக்கு, தெற்கு என்று இரண்டு சிக்னல் கேபின்கள் (சிக்னல்களை இயக்கும் அறைகள்). இப்படிப்பட்ட கேபின்களில் சிக்னலை இயக்க இழுக்கும் நெம்புகோலான லீவரை வெறுங்கையால் தொட மாட்டார்கள். வியர்வை பட்டால் எஃகு துருப்பிடிக்கும் என்று துணியால்தான் பிடிப்பார்கள். அந்தக் கவனிப்பைக் கணினித் திரைக்காக இழக்கக் கூடாது என்பதே என் கருத்து.

சரி, எதை மாற்றலாம்? தூரத்துக் கைகாட்டியை இழுக்கும் கம்பி வெயிலில் நீண்டு தொய்ந்துவிடும், கை சரியாக இறங்காது. அங்கே மோட்டார் வைக்கலாம். எண்ணெய் விளக்குக்குப் பதில் எல்இடி. அப்புறம் முக்கியமானது டிராக் சர்க்யூட்: தண்டவாளத்தில் சிறு மின்னோட்டம் ஓடும், வண்டியின் சக்கரமும் அச்சும் அதைக் குறுக்கே இணைத்ததும் ரிலே என்ற மின்காந்த சுவிட்ச் விழும், லீவர் பூட்டிக்கொள்ளும். கம்பி அறுந்தாலும் ரிலே விழும். அதாவது பழுதானாலும் சிக்னல் ஆபத்தையே காட்டும்.

இன்டர்லாக்கிங்கை, அதாவது ஒன்றுக்கொன்று முரணான லீவர்களைச் சேர்த்து இழுக்க முடியாமல் பூட்டும் அமைப்பை மட்டும் அவசரப்பட்டுத் தொடக் கூடாது. 1889இல் அயர்லாந்தின் ஆர்மா விபத்துக்குப் பிறகுதான் பயணிகள் பாதைகளில் அது சட்டப்படி கட்டாயமானது. ஒரு லீவரின் பூட்டை மாற்றினாலும், அதோடு தொடர்புள்ள எல்லா லீவர்களையும் இழுத்துப் பார்த்துச் சோதித்த பிறகே வண்டி விட வேண்டும்.