தாழ்வாரத் தக்காளியும் ஆர்என்ஏ திருத்தமும்

வணக்கம் ஐயா,

சிங்கப்பூர் ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு, எட்டாவது மாடி. தாழ்வாரத் தொட்டிகளில் கத்தரியும் மணத்தக்காளியும் தழைக்கின்றன. தக்காளி மட்டும் பூத்துப் பூத்து உதிர்ந்துவிடுகிறது. பாலிடெக்னிக்கில் உயிரியல் படிக்கும் என் மகளோ, "வெயிலோ வறட்சியோ வந்தால் செடி தன் ஆர்என்ஏவைத் தானே திருத்திச் சமாளிக்கும், அதற்கென்றே மரபணுக்கள் இருக்கின்றன" என்கிறாள். உண்மையா? அப்படியானால் என் தக்காளிக்கு என்ன கேடு?

கலைவாணி

அன்புள்ள கலைவாணி,

முதலில் தக்காளி. நீங்கள் சொல்லும் மூன்றும் ஒரே குடும்பம்தான். ஆனால் தக்காளி காய்க்க இரவு கொஞ்சம் குளிர வேண்டும். நம் ஊரில் இரவிலும் 25 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. மகரந்தம் கெட்டுப் பூ உதிர்கிறது. வெப்பம் தாங்கும் சின்னத் தக்காளி ரகமாகப் பார்த்து வாங்குங்கள். ஆர்என்ஏ மேல் பழி போட வேண்டாம்.

சரி, மகள் சொன்னது. மரபணுக்கள் இருப்பது நிஜம். 'சமாளிக்கும்' என்பதில்தான் எனக்கு இடிக்கிறது.

செடியின் செல்லுக்குள் ஒளிச்சேர்க்கை நடக்கும் பசுங்கணிகத்துக்கும், சுவாசம் நடக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கும் சொந்த டிஎன்ஏ உண்டு. அதிலிருந்து படியெடுத்த ஆர்என்ஏ, ஏ, யு, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளால் ஆனது. அதில் குறிப்பிட்ட இடங்களில் 'சி' எழுத்து 'யு' ஆகிறது; டிஎன்ஏ அப்படியே இருக்கும். 1989இல்தான் இது செடிகளில் தெரியவந்தது. அராபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பச் செடியின் மைட்டோகாண்ட்ரியாவில் மட்டும் இப்படி 400க்கு மேற்பட்ட இடங்கள்.

ஓர் இடத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். பசுங்கணிகத்தில் என்டிஎச்டி என்றொரு மரபணு. அதன் ஆர்என்ஏவிலிருந்து புரதம் கட்டத் தொடங்க 'ஏயுஜி' என்ற மூன்றெழுத்து வேண்டும். அங்கே இருப்பதோ 'ஏசிஜி'. நடு எழுத்தை மாற்றினால்தான் வேலை ஆரம்பிக்கும். எந்த 'சி' என்று அடையாளம் காண சிஆர்ஆர்4 என்ற புரதம் தேவை என்று 2005இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அது பிபிஆர் என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. அராபிடாப்சிஸில் அந்தக் குடும்பத்துக்குச் சுமார் 450 மரபணுக்கள்; மனிதருக்குப் பத்துகூட இல்லை. (எல்லாமே திருத்தும் வேலை செய்வதில்லை.)

ஆக, இது வெயில் வந்ததும் கிளம்பும் வித்தை இல்லை. தினப்படி வேலை. அது நின்றுபோனால், சுகமான நாட்களில் வெளியே தெரியாமலும் இருக்கலாம். என்டிஎச்டி புரதமும் ஓர் அங்கமாக உள்ள என்டிஎச் அமைப்பு இல்லாத புகையிலைச் செடி சாதாரணமாகவே வளர்ந்தது. கடும் வெளிச்சத்திலும் காய்ந்த காற்றிலும்தான் தடுமாறியது. நெல்லில் டியுஏ1 என்ற பிபிஆர் மரபணு கெட்டால் குளிரில் நாற்று வெளுத்துவிடுகிறது. போதாததற்கு, வெப்பம் ஏறும்போது பசுங்கணிகத்தின் சில இடங்களில் திருத்தமே குறைகிறது. அதைச் செடியின் சாமர்த்தியம் என்று நான் சொல்ல மாட்டேன்.

மகளுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். எஸ்எல்ஜி1 என்ற மரபணு கெட்டால் மைட்டோகாண்ட்ரியாவில் ஒரு திருத்தம் நின்றுபோகிறது. அந்தச் செடி வறட்சியைக் கூடுதலாகத் தாங்குகிறது! ஆனால் நோஞ்சானாக, மெதுவாக வளர்கிறது. சுவாசத்தில் கோளாறு வந்தால் வறட்சிக்கான சமிக்ஞைகளும் சேர்ந்தே மாறும். அதை வைத்து எஸ்எல்ஜி1ஐ 'வறட்சி மரபணு' என்று அழைத்தால் எப்படி?

அடுத்த ஆய்வுக் கட்டுரையைப் படிக்கும்போது அவள் ஒன்றைக் கவனிக்கட்டும்: நல்ல செடியை வெயிலில் வைத்துத் திருத்தம் கூடுகிறதா, குறைகிறதா என்று அளந்தார்களா, அல்லது மரபணு கெட்ட செடிக்கு உப்புத் தண்ணீர் ஊற்றிவிட்டு முடிவு எழுதினார்களா?