கிரீன்லாந்தின் விவியன் மோட்ஸ்ஃபெல்ட் ஆசிரியையாக இருந்து வெளியுறவு அமைச்சரானது எப்படி?

டிரம்ப் கிரீன்லாந்து வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்த 2026 ஜனவரியில் டென்மார்க் வெளியுறவு அமைச்சரோடு வெள்ளை மாளிகைக்குப் போய், அமெரிக்கத் துணை அதிபர் வான்ஸையும் வெளியுறவு அமைச்சர் ரூபியோவையும் சந்தித்தவர் என்பதால் இந்தக் கேள்வி வந்திருக்கும் என்று நினைக்கிறேன். "பள்ளிக்கூட டீச்சர் அமெரிக்காவோடு மல்லுக்கு நின்றார்" என்று எழுதினால் படிக்கச் சுவையாகத்தான் இருக்கும். ஆனால் டென்மார்க்கின் கீழ் சுயாட்சியோடு இருக்கும் கிரீன்லாந்தின் அரசியலைக் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு இதில் பெரிய அதிசயம் இல்லை. அங்கே அரசியலுக்குப் போகும் ராஜபாட்டையே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிதான்.

அந்தக் கல்லூரியின் பெயர் இலின்னியார்ஃபிஸ்ஸுவாக். தலைநகர் நூக்கில் 1845இல், டேனிஷ் காலனி ஆட்சிக் காலத்தில் தொடங்கியது. தொடக்கத்தில் அங்கே தயாரானவர்கள் உபதேசியார்கள். சின்னஞ்சிறு கடலோரக் குடியிருப்பில் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுப்பதும் அவர்தான், பாதிரியார் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை நடத்துவதும் அவர்தான். சீல் வேட்டையையும் மீனையும் நம்பி வாழ்ந்த ஊரில் சம்பளம் வாங்கிய, டேனிஷ் அதிகாரிகளோடு பேசிப் பழகிய உள்ளூர் ஆள் வேறு யார் இருந்திருப்பார்? 1911இல் உள்ளூர் மன்றங்களுக்குத் தேர்தல் வந்தபோது இவர்களில் பலர் உறுப்பினர்களானதில் வியப்பில்லை. 1953இல் டென்மார்க் நாடாளுமன்றத்துக்குக் கிரீன்லாந்திலிருந்து முதன்முதலாகப் போன இருவரில் ஒருவரான ஔகோ லிங்கே ஓர் ஆசிரியர். 1959 ஜனவரியில் ஹான்ஸ் ஹெட்டோஃப்ட் கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கியபோது அதில் பயணம் செய்த அவரும் இறந்துபோனார். 1970களில் தன்னாட்சி கேட்டு சியுமுட் கட்சியை உருவாக்கியவர்களில் ஒருவரான லார்ஸ்-எமில் யோஹான்சனும் ஆசிரியர். பின்னாளில் கிரீன்லாந்தின் முதல் பிரதமரான ஜோனத்தான் மோட்ஸ்ஃபெல்ட் இதே கல்லூரியில் படித்து, பிறகு இறையியல் படித்துப் பாதிரியாரானவர்.

இந்தப் பட்டியல் முழுக்க ஆண்கள் என்பதைக் கவனித்திருப்பீர்கள். கிரீன்லாந்துப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்ததே 1948இல்தான். 1959இல் மாகாண மன்றத்துக்கு முதன்முதலாகத் தேர்வான பெண், எலிசபெத் யோஹான்சன், ஒரு மருத்துவச்சி. முதல் பெண் அமைச்சர் வர 1983 ஆகிவிட்டது: அக்னெத்தே டேவிட்சன். ஆசிரியப் பணியிலிருந்து வந்த பெண்களில் மோட்ஸ்ஃபெல்டுக்கு முன்னோடி என்று நான் சொல்வது ஹென்ரியெட்டே ராஸ்முஸனை. ஆசிரியை, வானொலிப் பத்திரிகையாளர், பெண்கள் இயக்கத்தில் இருந்தவர், 1990களின் தொடக்கத்தில் சமூக நலத்துறை அமைச்சர். அதற்குப் பிறகு ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பில் பழங்குடி மக்கள் விவகாரங்களைப் பார்த்தார். ஊர் திரும்பி மறுபடி அமைச்சரானார். இவரைப் பற்றித் தனியாகவே ஒரு பதில் எழுதலாம்.

சரி, விவியனுக்கு வருவோம். ஆசிரியப் பயிற்சி பெற்றவர், சியுமுட் கட்சிக்காரர். இவருடைய பயணத்தில் எனக்குச் சுவாரசியமான கட்டம் 2018. அந்த ஆண்டு மே மாதம் அமைந்த அமைச்சரவையில் கல்வி, பண்பாடு, திருச்சபை, வெளியுறவு எல்லாமே இவர் கையில் இருந்தன. விசித்திரமான சேர்க்கை என்று தோன்றும். ஏறத்தாழ 57,000 பேர் வாழும் நாட்டில் அமைச்சர்கள் சிலரே என்றால் பல துறைகளை இப்படித்தான் ஒரே மூட்டையாகக் கட்ட வேண்டியிருக்கும். பள்ளிக்கூடத்திலிருந்து நேராகப் பன்னாட்டு மேடைக்குத் தாவினார் என்பது சரியல்ல. கல்வித்துறைக் கோப்பும் வெளியுறவுக் கோப்பும் ஒரே மேசையில் இருந்த காலம் ஒன்று நடுவில் இருக்கிறது. அதே ஆண்டில் 31 உறுப்பினர் கொண்ட நாடாளுமன்றத்தின் சபாநாயகரானார். 2021 வரை இருந்தார். 2019 ஆகஸ்டில் டிரம்ப் முதன்முறையாகக் கிரீன்லாந்தை வாங்கும் பேச்சை எடுத்தது இவர் சபாநாயகராக இருந்தபோதுதான். 2022 ஏப்ரலில் சியுமுட் ஆளுங்கூட்டணியில் சேர, மறுபடி வெளியுறவு அமைச்சரானார்.

இந்தப் பதவியில் ஒரு சிக்கல் உண்டு. வெளியுறவும் பாதுகாப்பும் சட்டப்படி கோபன்ஹேகனின், அதாவது டென்மார்க் அரசின், அதிகாரம். 2009ஆம் ஆண்டின் சுயாட்சிச் சட்டப்படி கிரீன்லாந்து தன் பொறுப்பில் எடுத்துக்கொண்ட துறைகளில் மட்டும்தான், உதாரணமாக மீன்வளத்தில், வெளிநாடுகளோடு தானாகப் பேசி ஒப்பந்தம் போடலாம். அதாவது வெளியுறவு அமைச்சர் இருக்கிறார், முழு வெளியுறவு அதிகாரம் இல்லை. பிரஸ்ஸல்ஸ், வாஷிங்டன், ரெய்க்யாவிக், பெய்ஜிங் ஆகிய நகரங்களில் பிரதிநிதி அலுவலகங்களைத் திறந்து, இருக்கிற இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்திக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

அதனால் என் கணக்கில் மோட்ஸ்ஃபெல்டின் பெரிய வேலை வாஷிங்டன் சந்திப்பு அல்ல. 2024 பிப்ரவரியில் அவர் வெளியிட்ட, 2033 வரைக்குமான வெளியுறவு, பாதுகாப்புக் கொள்கை ஆவணம்தான். 'எங்களை விட்டுவிட்டு எங்களைப் பற்றி எதுவும் கூடாது' என்பது அதன் தலைப்பு. அண்டையில் இருக்கும் ஐஸ்லாந்து, கனடாவின் நுனாவுட், அலாஸ்கா ஆகியவற்றோடு நெருங்க வேண்டும் என்கிறது. டிரம்ப் மறுபடி பேச்சை எடுத்தது 2024 டிசம்பரில். அப்போது கிரீன்லாந்திடம் சொல்வதற்கு ஒரு நிலைப்பாடு எழுத்தில் தயாராக இருந்தது. இதைப் பத்திரிகைகள் அதிகம் பேசவில்லை என்பது என் ஆதங்கம்.

கட்சிக்குள் நிலைமை அவ்வளவு நன்றாக இல்லை. 2025 மார்ச் தேர்தலில் சியுமுட் பத்து இடங்களிலிருந்து நான்குக்குச் சரிந்தது. தலைவர் விலக, மோட்ஸ்ஃபெல்ட் தற்காலிகத் தலைவரானார். மார்ச் 28 அன்று நான்கு கட்சிக் கூட்டணி ஒப்பந்தத்தில் சியுமுட் சார்பில் கையெழுத்திட்டவர் அவர்தான். வான்ஸ் கிரீன்லாந்தில் உள்ள அமெரிக்காவின் பிட்டுஃபிக் ராணுவத் தளத்துக்கு வந்து இறங்கியதும் அதே நாள்! ஜூன் மாதம் தலைமைப் பொறுப்பு முன்னாள் பிரதமர் அலேகா ஹாமொண்டிடம் போனது. வெளியுறவுத்துறை மோட்ஸ்ஃபெல்டிடமே இருந்தது.

அப்புறம், குடும்பப் பெயரை வைத்து வாரிசு அரசியல் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அந்தப் பெயர் அங்கே பல குடும்பங்களுக்கு உண்டு. முதல் பிரதமர் ஜோனத்தான் மோட்ஸ்ஃபெல்ட் சியுமுட் கட்சி. இன்னொரு மோட்ஸ்ஃபெல்ட், யோசெஃப், எதிர் முகாமான இனுயிட் அட்டாகாட்டிகீட் கட்சியின் தலைவராக இருந்தவர், அவரும் ஆசிரியர். விவியனையும் சேர்த்து மூன்று பேருமே வெவ்வேறு காலங்களில் சபாநாயகர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.