சுவரா, சுவறா?

கேள்வி: எங்கள் தெருவில் 'சுவற்றில் எழுதாதீர்' என்று எழுதியிருக்கிறது. அது தப்பு என்கிறார் அப்பா. 'ஆற்றில்' சரி என்றால் இது மட்டும் எப்படித் தப்பு?
– கல்லூரி மாணவி, மன்னார்குடி

பதில்: அப்பா சொன்னதுதான் சரிம்மா. ஆறு, கிணறு, வயிறு எல்லாம் 'று'வில் முடிகிறவை. 'இல்' சேரும்போது றகரம் இரட்டிக்கும்: ஆற்றில், கிணற்றில். சுவர் முடிவது 'ர்' என்று. தேர் மாதிரி. தேரில் என்போம், திருவாரூரில் போய்த் 'தேற்றில்' என்று சொல்லிப்பார், வடம் பிடிக்கிறவர்களே சிரிப்பார்கள். ஆகவே, சுவரில்.

'சுவறு' என்று தனியே ஒரு சொல் உண்டு. வற்றிப்போவது, உள்ளே இழுக்கப்படுவது. வாய்க்காலில் விட்ட தண்ணீர் வயலுக்கு வராமல் மணலிலேயே சுவறிவிட்டது என்று எழுதலாம். கடைமடைக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

அப்புறம், குறுவை. குறுகிய காலப் பயிர், அதனால் வல்லின 'று'. போன வருஷம் கும்பகோணம் பக்கம் ஒரு உரக்கடைப் பலகையில் 'குருவை' என்று பார்த்தேன். வாய் சும்மா இருக்குமா? சொன்னேன். "பெயின்ட் காசு நீங்க தர்றீங்களா சார்?" என்றார் கடைக்காரர். பக்கத்தில் டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன்.