பீஜீசி கலங்கள் திரளுவது கல்சியத்தால்தான்

வந்தாறுமூலை ஆய்வுகூடத்தில், கோழி முளையக் குருதியிலிருந்து எடுத்த பீஜீசி கலங்கள் (பின்னர் விந்தாகவும் முட்டையாகவும் மாறும் ஆதி இனக் கலங்கள்) டீஎம்ஈஎம் என்ற சாதாரண கல வளர்ப்பு ஊடகத்தில் நாலு நாளில் திரண்டு சாகின்றன என்று கேட்டிருந்தீர்கள். ஊடகம்தான் பிழை. அதில் கல்சியம் 1.8 மில்லிமோலார், இவற்றுக்கு 0.15 போதும், கூடினால் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். கல்சியமில்லாத டீஎம்ஈஎம்மில் தூயநீர் விட்டு ஒஸ்மோலாரிட்டியை, அதாவது கரைபொருள்களின் மொத்தச் செறிவை, லீற்றருக்கு 250 மில்லிஒஸ்மோலுக்கு இறக்கிய பிறகே கல்சியத்தை அளந்து சேருங்கள். மில்லிலீற்றருக்கு வளர்ச்சிக் காரணிப் புரதங்களான எஃப்ஜீஎஃப்2 4 நனோகிராம், அக்டிவின் ஏ 25 நனோகிராம், இரும்பைப் பிடிக்கும் முட்டைப் புரதமான ஓவோட்ரான்ஸ்ஃபெரின் 10 மைக்ரோகிராம் சேருங்கள். விலைதான், ஆனால் இதில் கஞ்சத்தனம் சரிவராது.

இரண்டரை நாள் முளையத்தில் ஒரு மைக்ரோலீற்றர் குருதி போதும். செங்குழியங்கள் இரண்டு மூன்று கிழமையில் தானாக அழியும். பீஜீசி அடியில் ஒட்டாது. ஊடகம் மாற்றும்போது மேலாக மூன்றிலொரு பங்கை மட்டும் மெதுவாக உறிஞ்சுங்கள், முழுக்க எடுத்தால் கலமும் போய்விடும்.

இன்னொன்று: மட்டக்களப்பு வெக்கையில் முட்டை மேசையில் கிடந்தால் அடைவைக்க முன்னமே முளையம் வளரத் தொடங்கும், நாள்கணக்குப் பிழைக்கும். 16 பாகை செல்சியஸில் வையுங்கள்.